வண்டியைப் பட்டறையில் விடுவதா, நாமே கழற்றுவதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பின்சீட்டுக்காரன்:
ஆயில் மாற்றத்தான் விட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் கன்னங்கரேலென்று ஒரு ஏர் ஃபில்டரோடு வந்தான். "சார், உங்கள் வண்டியில் இருந்தது. உடனே மாற்ற வேண்டும்" என்றான். நான் ஃபில்டர் மாற்றினால் ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதி வைப்பது வழக்கம். அவன் கையில் இருந்ததில் எழுத்தே இல்லை. பானெட்டைத் திறந்து, ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளை நானே விடுவித்துப் பார்த்தேன். என்னுடையது உள்ளேதான் இருந்தது, தேதியோடு. "மாறிப்போய்விட்டது சார்" என்றான். பொய்கூடப் பரவாயில்லை. அந்தக் கறுப்பு ஃபில்டரைச் சுவரில் ஓர் ஆணியில் பத்திரமாக மாட்டிவிட்டுப் போனானே, அதைத்தான் மறக்க முடியவில்லை.

கிரீஸ்கை:
ஆணியில் மாட்டியவனுக்காக நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் பட்டறை வைத்திருப்பவன் பக்கமும் ஒன்று இருக்கிறது. முன் பிரேக் பேடுகளைத் தாமே மாற்றிய ஒருவர் வந்தார். பிரேக்கை மிதித்தால் இரும்பு அறுபடும் சத்தம். சக்கரத்தைக் கழற்றினால், உள்பக்கத்து பேட் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது! பேடின் இரும்புத் தகடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைத் தேய்க்கிறது, உராய வேண்டிய பக்கம் பேடைத் தள்ளும் பிஸ்டனைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க் முழுக்க நகம் சிக்கும் பள்ளங்கள். "வீடியோவில் இப்படித்தான் காட்டினார்கள்" என்று என்னிடமே வாதாடினார். பின்சீட்டில் குழந்தைக்கான இருக்கை வேறு.

10 எம்எம் ஸ்பேனர்:
கிரீஸ்கை, உங்கள் தொழில்காரர்கள் மட்டும் என்ன? எனக்கு ஆயில் ஃபில்டர் மாற்றியவர், பழையதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. அதன் மேலேயே புதியதை முறுக்கிவிட்டார். நல்ல வேகத்தில் போகும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் பளபளவென்று ஒரு கோடு. கழற்றிய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த வண்டி காத்திருக்கும்போது அந்த நேரம்கூட அவர்களுக்கு இல்லை. எனக்கு இருக்கிறது.

பழைய டீசல்:
நண்பர் ஒருவர் பேட் மாற்றிவிட்டு வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். பெடல் தரைவரை போனது, வண்டி சுவரில் போய் நின்றது. அவ்வளவுதான் கதை. பிஸ்டனை உள்ளே தள்ளிய பிறகு, பெடல் இறுகும்வரை பலமுறை மிதித்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். எழுத வந்துவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். பாதி தீர்ந்த பழைய டப்பாவை எடுத்து ஊற்றாதீர்கள். டாட் 5 சிலிகான் வகை, அதை டாட் 4 உடன் கலக்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ். வீல் நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்குங்கள், நட்டை வேகமாக முறுக்கும் இம்பாக்ட் கன் பக்கமே போகாதீர்கள்.

பின்சீட்டுக்காரன்:
ஐயா, நன்றி. ஆனால் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லையே.

கிரீஸ்கை:
இம்பாக்ட் கன் பாவம், அதை ஏன் இழுக்கிறீர்கள்? கழற்ற அதைப்போல் ஒன்று கிடையாது. மாட்டும்போது கையால் இழை பிடிக்க வைத்து, கடைசி முறுக்கை, அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்சில் கொடுத்தால் போதும். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் பின் பிஸ்டனை வலுக்கட்டாயமாகத் தள்ளினால் அந்த பிரேக்கின் மோட்டார் போய்விடும். முதலில் சர்வீஸ் நிலைக்கு மாற்ற வேண்டும். பல வண்டிகளில் அதற்கு, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் தேவை. ஸ்கேனர் இருக்கிறதா உங்களிடம்?