சிஎஸ்வி தேதியில் நாளும் மாதமும் இடம் மாறுது

கேள்வி:
எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸ்ல, சிஎஸ்வி (காற்புள்ளியால பிரிச்ச டேட்டா) ஃபைல்ல இருந்து வந்த வார்சார் (எழுத்து வகை) காலத்தில், அதாவது நெடுவரிசையில், '03/04/2024'னு இருக்கு. நம்ம சிங்கப்பூர் வழக்கப்படி ஏப்ரல் 3. தேதி வகைக்கு மாத்த காஸ்ட் போட்டா மார்ச் 4 ஆயிடுது, '13/04/2024' வந்தா எரர். இதே ஃபைல் போஸ்ட்கிரெஸுக்கு (இன்னொரு டேட்டாபேஸ்) போனா நேரம் 8 மணி தள்ளி நிக்குது. என்ன செய்யலாம்?

பதில் 1:
உங்க லாகின் மொழி அமெரிக்க ஆங்கிலம், அதான் மாதத்தை முதல்ல எடுக்குது. எரர் அடிக்கிற வரி பரவாயில்லைங்க, சத்தமில்லாம மாறுறதுதான் ஆபத்து. இப்படிப் போடுங்க:

ட்ரை_கன்வர்ட்(டேட், நல்இஃப்(எல்ட்ரிம்(ஆர்ட்ரிம்(காலம்)), ''), 103)

103-னா நாள்/மாதம்/வருஷம். நல்இஃப்பை விட்டுடாதீங்க: வெத்துச் சரம் 1900 ஜனவரி 1 ஆயிடும். பிப்ரவரி 31 மாதிரி குப்பை 'நல்' (மதிப்பில்லாதது) ஆகும். அந்த வரிகளைத் தனியா எடுத்துப் பாருங்க. வினவலோட 'வேர்' (WHERE, வடிகட்டும் நிபந்தனை) பகுதியில் இதை எழுதினா இன்டெக்ஸ் (வேகமாத் தேட உதவும் அட்டவணை) வேலை செய்யாது, புது டேட் காலத்தில் ஒரே தடவை மாத்தி வைங்க.

பதில் 2:
போஸ்ட்கிரெஸ்ல சரத்தை நேரமா மாத்துற டு_டைம்ஸ்டாம்ப், செஷனோட (உங்க இணைப்போட) டைம்ஸோனில் படிக்கும். செஷன் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கு போல. முதல்ல செட் டைம்ஸோன் டு 'ஏசியா/சிங்கப்பூர்'. வெறும் 8 மணி கூட்டாதீங்க. 1981 கடைசி வரை சிங்கப்பூர்ல யுடிசியோட வித்தியாசம் ஏழரை மணிதான், பழைய பதிவு அரை மணி பிசகும். டு_டைம்ஸ்டாம்புக்குக் கொடுக்கிற வடிவச் சரத்தில் நிமிஷத்துக்கு எம்ஐ, எம்எம் மாதம்.