மலை முகட்டில் இடுப்பளவு கொய்யா: இதன் விதையைப் போட்டால் வீட்டிலும் குட்டையாகவே நிற்குமா?

ஹப்புத்தளை மலர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஹப்புத்தளையில் எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே உள்ள முகட்டில் ஒரு கொய்யா நிற்கிறது. உயரம் இடுப்பளவுதான். கன்று என்று நினைத்துவிட வேண்டாம், அடிமரம் என் மணிக்கட்டை விடத் தடிப்பு, பட்டை உரிந்து உரிந்து பச்சையும் செம்மண் நிறமுமாக வழுவழு என்று இருக்கிறது. கிளைகள் எல்லாம் தென்மேற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே பக்கமாகப் படர்ந்திருக்கின்றன. இலைகள் சின்னதாக, கொஞ்சம் தடிப்பாக இருக்கும். ஆனால் காய் மட்டும் கடையில் வாங்கும் கொய்யாக்காய் அளவுக்கே காய்க்கிறது.

கீழே பீலிக்கரையில் (தண்ணீர் பிடிக்கும் இடத்தில்) இன்னொரு கொய்யா இருக்கிறது, அது லயத்துக் கூரையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. இரண்டுமே ஒரே மரத்துப் பழத்தின் விதையில் வந்தவை என்று அப்பா சொல்கிறார்.

வாசலில் இடம் குறைவு. முகட்டுக் கொய்யாவின் விதையை எடுத்து ஒரு பெரிய சாடியில் போட்டால் அதுவும் குட்டையாகவே நின்று காய்க்குமா? இன்னொரு சந்தேகம், ஹோட்டன் சமவெளியில் பார்த்த மரங்களும் இப்படித்தான் குட்டையாக, குடை விரித்த மாதிரி இருந்தன. அவை குட்டை இனமா, இல்லை மலை அப்படி ஆக்கிவிட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவா மண் எழுதியது:

தங்கச்சி, உங்கள் அப்பா சொன்ன அந்த ஒரு விஷயத்திலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. ஒரே தாய்மரத்துப் பிள்ளைகள் இரண்டு, ஒன்று ஒதுக்கான ஈர மண்ணில், மற்றது காற்று அறையும் முகட்டில். முகட்டில் இருப்பதைக் குட்டையாக்கியது பெரும்பாலும் காற்றும் மண்ணும்தான். காற்று கிளையை ஒடித்துக் குட்டையாக்குவதோடு நிற்பதில்லை. செடியை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் அது நீளமாகப் போவதைக் குறைத்து தண்டைத் தடிப்பாக்கிக்கொள்ளும். 1973இல் ஜாஃபே என்ற தாவரவியலாளர் காற்றே இல்லாமல், செடிகளின் தண்டை தினமும் விரலால் கொஞ்சம் தேய்த்துவிட்டே இதைக் காட்டினார், தேய்த்த செடிகள் குட்டையாகவே நின்றன. முகட்டில் மண் மெல்லிசு, மழை கழுவிக்கொண்டு போய்விடும், வேருக்கு இடமும் இல்லை. எல்லாம் சேர்ந்துதான் அந்த இடுப்பளவு.

அதனால் விதையை எடுத்துச் சாடியில் போட்டால் அது சாதாரணக் கொய்யாவாக உயரப் பார்க்கும். முகட்டில் பட்ட காற்று விதைக்குள் போவதில்லை.

ஆனால் இதை எல்லாச் செடிக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கலிபோர்னியாவில் கிளாவுசன், கெக், ஹீசி என்ற மூன்று பேர் 1940களில் ‘யாரோ’ (yarrow) என்கிற பூண்டை சியரா நெவாடா மலையின் வெவ்வேறு உயரங்களில் இருந்து எடுத்து, ஒரே தோட்டத்தில் பக்கம் பக்கமாக வளர்த்துப் பார்த்தார்கள். உச்சியிலிருந்து வந்தவை தாழ்வான இடத்திலும் குட்டையாகவே நின்றன. அதாவது அங்கே குட்டைத்தனம் பரம்பரையில் ஏறிவிட்டது, பல தலைமுறையாக உயரமானதை மலை கழித்துக்கொண்டே வந்திருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டு குட்டையும் ஒன்று போலத்தான் தெரியும், ஒரே மண்ணில் வளர்த்துப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்.

ஹோட்டன் சமவெளியில் இரண்டுமே இருக்கின்றன. 2,100 மீற்றருக்கு மேலே குளிர், ஓயாத பனிமூட்டம், புளிப்பேறிய மண். இலை எப்போதும் நனைந்தே இருப்பதால் மரம் வேரிலிருந்து நீரை இழுப்பது குறைவு, அதோடு வரவேண்டிய சத்தும் குறைகிறது. அங்குள்ள கீன மரம் உலக முடிவுப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு உயரம், உள்ளே காற்று படாத இடத்தில் வேறு உயரம். அது இடம் செய்த வேலை. அதே சமவெளியில் ஓடைக்கரை நெடுக அடர்ந்து நிற்கும் சிறு மூங்கில் இருக்கிறதே, அது பிறப்பிலேயே குட்டை இனம். (பார்க்க மட்டும்தான், அது தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு இலைகூட எடுத்து வரக்கூடாது.)

மேற்பிரிவுக்காரன் எழுதியது:

மகள், குட்டைச் செடியைத் தேடி முகட்டுக்குப் போகவே வேண்டாம், லயத்தை விட்டு வெளியே வந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அதுதான். தேயிலை மரம். சும்மா விட்டால் பத்து மீற்றருக்கு மேலும் போகும். கைவிட்ட மலைகளில் (தேயிலைக் காணிகளைத்தான் மலை என்போம்) போய்ப் பாருங்கள், தேயிலை தோப்பாகி, கீழே நிழல் விழுந்து, தேயிலை என்றே அடையாளம் தெரியாது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் வைத்ததிலிருந்து இன்றுவரை இந்த மலைநாடு முழுக்க அதை இடுப்பளவில் பிடித்து வைத்திருப்பது கவ்வாத்துக் கத்தியும் கொழுந்து எடுக்கும் பெண்களின் விரல்களும்தான்.

நான் பல வருடம் கவ்வாத்து வெட்டியவன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூன்று வருடமோ ஐந்து வருடமோ, உயரமான மலைகளில் இடைவெளி கூடுதல், ஒரு முறை முழங்கால் அளவுக்கு வெட்டி இறக்குவோம். வெட்டு சாய்வாக, ஒரே இழுப்பில் விழ வேண்டும். பட்டை கிழிந்தால் அந்த வழியாக நீர் இறங்கிக் கட்டை உளுத்துவிடும். வெட்டுவதற்கு முன்னால் வேரில் மாப்பொருள் போதுமா என்று பார்ப்பது வழக்கம், பென்சில் தடிப்பு வேரை வெட்டி அதில் அயோடின் தடவினால் கருநீலமாக மாற வேண்டும். மாறாவிட்டால் அந்த மலைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துத்தான் வெட்டுவது, ஏனென்றால் இலையே இல்லாத கட்டை மறுபடி தளிர்க்க வேரில் சேர்த்து வைத்ததைத்தான் தின்ன வேண்டும். அதனால்தான் சில மலைகளில் ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டு வைத்து வெட்டுவோம்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட விதைத் தேயிலை இன்னும் கொழுந்து கொடுக்கிறது, உயரம் அதே இடுப்பளவு. ஆனால் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தவறணையில் (நாற்றுமேடையில்) வைத்து, பிறகு யாரும் தொடாமல் விட்டுவிட்டால் அது மரமாகிவிடும். நூறு வருடம் வெட்டியும் அந்தச் செடிக்கு உயரம் மறக்கவில்லை. கொய்யாவும் அப்படித்தான்.

தேவாங்கு எழுதியது:

நல்ல திரி. ஊவா மண் அண்ணன் சொன்ன பரம்பரைக் குட்டைத்தனம்தான் ஆசியாவுக்கே சோறு போட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய நெட்டை நெல்லுக்கு உரம் போட்டால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். தைவானின் குட்டை நெல் ஒன்றை இந்தோனேசியாவின் பீட்டா என்ற நெட்டை நெல்லோடு கலந்து உருவான ஐஆர்8 1966இல் வெளிவந்தது. அந்தக் குட்டைக்குக் காரணம் ஒரே ஒரு மரபணு, தண்டை நீட்டிவிடும் கிபெரெலின் என்ற ஹார்மோன் அதில் குறைவாகச் சுரக்கிறது. தண்டு நீளாமல் மிச்சமானது மணிக்குப் போனது.

விலங்குகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. உடவளவையில் 2013இல் கால்கள் மட்டும் குட்டையான, முழுதாக வளர்ந்த ஓர் ஆண் காட்டு யானையைப் பதிவு செய்தார்கள், அது உயரமான இன்னொரு ஆண் யானையோடு மோதியதையும் படம் எடுத்திருக்கிறார்கள். உடல், தலை எல்லாம் சாதாரண யானையுடையது. இது தனி ஒரு யானைக்கு நேர்ந்தது, அதன் கூட்டத்துக்கு இல்லை. ஆனால் சிசிலித் தீவில் வாழ்ந்து அழிந்த யானை இனமே தோள்வரை சுமார் ஒரு மீற்றர்தான், அதன் மூதாதை பெருநிலத்தில் நான்கு மீற்றர் நின்றது. தீவில் தீனி குறைவு, துரத்தும் பெரிய மிருகமும் இல்லை, பெரிய உடலால் பயன் இல்லாமல் போனது.

நம் ஹோட்டன் சமவெளித் தேவாங்கைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தாழ்நிலத் தேவாங்கின் மெலிந்து நீண்ட கைகால் அதற்கு இல்லை, குட்டையான கைகால், அடர்ந்த ரோமம். குளிரில் சூடு வெளியேறும் பரப்பு குறைவதற்கு ஏற்ற உடல். 2009இல்தான் முதன்முதலாக அதைப் படம் எடுத்தார்கள். அதன் காடு துண்டு துண்டாகிக்கொண்டு வருவதைப் பற்றி நாம் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும்.

மாத்தளை வாசகி எழுதியது:

தேவாங்கு தம்பி, யானைக்குக் கால் மட்டும் குட்டை என்றீர்களே, அதைப் படித்ததும் கோயிலில் பார்க்கும் நேர்த்திப் பொருட்கள் ஞாபகம் வந்தன. பிள்ளை வரம் கேட்டுக் கட்டும் சின்னத் தொட்டில், உண்டியலில் போடும் வெள்ளிக் கண், கை, கால், வீடு. மனிதர் செய்யும் சிறு உருவத்தில் எல்லாம் ஒரே அளவாகச் சுருங்கும், விரலளவு வீட்டுக்கு விரலளவுக்கு ஏற்ற கதவு. இயற்கை அப்படிச் சுருக்குவதில்லை. போன்சாய் வளர்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வேரையும் கிளையையும் வெட்டி வெட்டி மரத்தை ஒரு சாணுக்குள் கொண்டு வரலாம், இலையைக்கூட ஓரளவு சிறிதாக்கலாம், பூவும் பழமும் மட்டும் சுருங்காது. சாதாரண மாதுளையைப் போன்சாய் ஆக்கினால் பழம் முழு அளவில் தொங்கும். பிறவிக் குட்டை மாதுளை ஒன்று இருக்கிறது, அதில் பூ, பழம் எல்லாமே சிறிதுதான்.

மலர், உங்கள் முகட்டுக் கொய்யாவில் இலை சிறிது, காய் முழு அளவு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது இடத்தால் வந்த குட்டையாகத்தான் தெரிகிறது.

ஹப்புத்தளை மலர் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அப்போ முகட்டு மரத்தில் பதியம் போட்டு எடுத்தாலும் அது உயர்ந்துதான் போகுமா? வாசலுக்கு வேறு என்னதான் வழி?

ஊவா மண் எழுதியது:

ஆமாம் தங்கச்சி, உயரும். பதியத்தில் அதே மரம்தான் வரும், ஆனால் காற்று வராதே. சாடி வேரைக் கட்டுப்படுத்துவதால் கொஞ்சம் மெதுவாக உயரும், அவ்வளவுதான். ஆனாலும் பதியமே போடுங்கள், விதையை விட சீக்கிரம் காய்க்கும், பழத்தின் ருசியும் தாய்மரத்தைப் போலவே இருக்கும். பிறகு மேற்பிரிவுக்காரர் ஐயா சொன்ன வழிதான், கவ்வாத்து. கொய்யாவுக்கு அது நன்றாகவே ஒத்துப்போகும், ஏனென்றால் அது பூப்பது புதுத் தளிரில். முழங்கால் உயரத்தில் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை மூன்று நான்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை காய் பறித்து முடிந்ததும், மழை தொடங்குகிற நேரமாகப் பார்த்து அந்தக் கிளைகளை வெட்டி இறக்குங்கள். வறட்சியில் வெட்ட வேண்டாம்.

பக்கத்தில் ஒரு சின்னச் சாடியில் முகட்டு மரத்து விதையும், அதே அளவு இன்னொரு சாடியில் பீலிக்கரை மரத்து விதையும் போட்டு வையுங்கள். ஒரே மண், ஒரே வெயில், ஒரே தண்ணீர், ஒவ்வொன்றிலும் பல கன்றுகள். ஒரு வருடம் கழித்து இரண்டு சாடியையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் போடுங்கள்.