நியூசிலாந்தில் தேர்தல் முறை மாறியது, பிரிட்டனில் ஏன் மாறவில்லை?

கேள்வி:
நியூசிலாந்து 1993 பொது வாக்கெடுப்பில் கலப்பு விகிதாசாரத்துக்கு (தொகுதிக்கு ஒரு வாக்கு, கட்சிக்கு ஒரு வாக்கு; கட்சி வாக்கின் விகிதப்படி மொத்த இடங்கள்) மாறியது. பிரிட்டனின் 2011 முயற்சி படுத்துவிட்டது. கேள்வி கேட்ட விதம்தான் காரணமா?

பதில் 1:
பெரும்பங்கு அதுதான். நியூசிலாந்து இரண்டு கட்டமாகக் கேட்டது. 1992 செப்டம்பர் வாக்குச்சீட்டில் இரண்டு பகுதிகள்: பழைய முறையா (தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெல்வது), மாற்றமா? மாற்றினால் நான்கில் எது? முதல் பகுதியில் பழையதற்கே வாக்களித்தவரும் இரண்டாவதை நிரப்பலாம். மாற்றத்துக்கு 84.7%, கலப்பு முறைக்கு 70.5%. அடுத்து, 6 நவம்பர் 1993 பொதுத் தேர்தலோடு சேர்த்து, முடிவை அரசு ஏற்றே ஆக வேண்டிய வாக்கெடுப்பு. பழையதும் கலப்பும் நேருக்கு நேர்.

பதில் 2:
அந்த 84.7%ஐ அப்படியே நம்பாதீங்க. அன்று வாக்களித்தவர்கள் சுமார் 55% தான். 1993ல் 85% பேர் வந்ததும் கலப்பு முறைக்குக் கிடைத்தது 53.9%. பழைய முறை மீதான கோபத்துக்கு வேர் முன்பே இருந்தது: 1978, 1981 இரண்டிலும் லேபர் கட்சிக்கு அதிக வாக்கு, ஆட்சியோ நேஷனல் கட்சிக்கு.

கேள்வி கேட்டவர்:
அப்போ பிரிட்டன்?

பதில் 1:
அங்கே விகிதாசாரம் சீட்டிலேயே இல்லையே! தொகுதிக்கு ஒருவர் என்பதை அப்படியே வைத்து, வேட்பாளர்களை வரிசைப்படுத்தும் மாற்று வாக்கு முறை மட்டும். ஆளும் கூட்டணியின் இரு கட்சிகளும் எதிரெதிர் பிரசாரம். 67.9% 'வேண்டாம்'.