மழை நாளில் மழலைக்கு அட்டவணை தேவையா?

எறும்புவரிசை எழுதியது:

மழை விடாது பெய்யும் நாளில், மூன்று முதல் ஐந்து வயதுள்ள குழந்தையை வீட்டுக்குள் வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு திட்டம் கட்டாயம் வேண்டும் என்று நான் கருதுகிறேன். திட்டம் இல்லாத வீட்டில் முற்பகல் முடிவதற்குள் கைபேசி குழந்தையின் கைக்குப் போய்விடுகிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது ஓட்டமும் குதிப்புமாக மூச்சு வாங்கும் அளவில் இருக்க வேண்டும், உட்கார்ந்தபடி திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வெளியே போக முடியாத நாளில் இவை தாமாக நடந்துவிடுவதில்லை.

ஆகவே நான் எண் அட்டைகளை வீடெங்கும் ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுதல், எழுத்துகளை மாவில் விரலால் எழுதுதல், மிதப்பது எது மூழ்குவது எது என்று வாளி நீரில் பார்த்தல், தலையணைகளைத் தாண்டிக் குதித்தல் என்று நேரம் பிரித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் முடித்தவுடன் சுவர் அட்டவணையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டப்படும். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

தாழ்வாரம் எழுதியது:

காரணத்தோடே எழுதுகிறேன். நீங்கள் கூறியவற்றில் விளையாட்டு எதுவும் இல்லை. விளையாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்ட பாடங்களே இருக்கின்றன. எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எது சரியான விடை என்ற மூன்றையும் பெரியவரே தீர்மானித்துவிட்டால், குழந்தைக்குக் கீழ்ப்படிவதைத் தவிர வேறென்ன மிஞ்சுகிறது?

நட்சத்திரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பம் உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் தரவில்லை. சில நாள்கள் கழித்து, பரிசைப் பற்றிய பேச்சே இல்லாமல் வண்ணப் பேனாக்களை மேசைமேல் வைத்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்ற இரு குழுவினரைப்போல ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். தானாக இருந்த ஆசையைப் பரிசு அரித்துவிட்டது. வாளி நீரில் கை விடுவதற்கு எந்தக் குழந்தைக்கு நட்சத்திரம் வேண்டியிருக்கிறது?

எறும்புவரிசை எழுதியது:

அந்த ஆய்வு பரிசைப் பற்றியது. திட்டத்தைப் பற்றியது அன்று. நட்சத்திரத்தை எடுத்துவிடுவதில் எனக்குத் தயக்கமில்லை. பெரியவரின் திட்டமிடலால் பயன் இல்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். உளவியலாளர்கள் சீக்லரும் ரமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த மழலைகளோடு, ஒன்று முதல் பத்து வரை எண்கள் வரிசையாக எழுதிய பலகையில் காய் நகர்த்தும் ஆட்டத்தை ஆடினார்கள். இரண்டு வாரங்களில் மொத்தம் ஒரு மணி நேரம்தான் ஆட்டம் நடந்தது. அதற்குள்ளேயே அக்குழந்தைகளின் எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. எண்களுக்குப் பதிலாக வண்ணங்கள் மட்டும் இருந்த அதே மாதிரிப் பலகையில் ஆடிய குழந்தைகளிடம் அந்த உயர்வு தோன்றவில்லை. கட்டங்களில் எதை எழுதுவது என்று ஒரு பெரியவர் முன்கூட்டியே யோசித்ததால் வந்த வேறுபாடு இது. குழந்தை காய் நகர்த்திச் சிரிக்கிறது, எண்ணும் பழகுகிறது. இதில் யார் எதை இழந்தார்கள்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

மழலையர் வகுப்பில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இடையில் நுழைகிறேன். எண் அட்டைகளைத் தேடி எடுப்பதைப் பெற்றோர் பலரும் எண் கற்றல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் குழந்தை பழகுவது எண்ணின் வடிவத்தை மட்டுமே. இருபது வரை ராகத்தோடு ஒப்பிக்கும் குழந்தையிடம், "ஐந்து கரண்டி எடுத்து வா" என்று சொல்லிப் பாருங்கள். கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வரும். ஒரு பொருளுக்கு ஓர் எண், எண்களுக்கு மாறாத வரிசை, கடைசியில் சொன்ன எண்ணே மொத்தம் என்ற இந்த அடிப்படைகளை உளவியலாளர்கள் கெல்மனும் கேலிஸ்டலும் 1978-இலேயே பிரித்துக் காட்டினார்கள். இவற்றில் மூன்றாவதுதான் குழந்தைக்கு மெதுவாக வருகிறது. சாப்பிட உட்காருபவர்களுக்குத் தட்டு எடுத்து வைப்பது, துவைத்த காலுறைகளை ஜோடி சேர்ப்பது போன்ற வேலைகளில் அது இயல்பாகப் பழகும். ஆளுக்கு ஒரு தட்டு என்று வைக்கும்போது ஒன்று குறைந்தால் குழந்தைக்கே தெரிந்துவிடும், யாரும் திருத்த வேண்டியதில்லை.

நீர் விளையாட்டில் இன்னொன்றும் உண்டு. அகலமான கிண்ணத்தில் உள்ள நீரை ஒல்லியான உயரமான டம்ளருக்கு மாற்றினால், நீர் கூடிவிட்டது என்று நான்கு வயதுக் குழந்தை சொல்லும். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே விரிவாகப் பார்த்த விஷயம் இது. அந்த வயதில் அதைத் தவறு என்று திருத்தி விளக்குவதால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. திரும்பத் திரும்ப ஊற்றிப் பார்க்கப் பல அளவுப் பாத்திரங்களைக் கொடுத்துவிட்டு, பெரியவர் சற்று ஒதுங்கி உட்காரலாம்.

தாழ்வாரம் எழுதியது:

கணக்குப்பிள்ளை அவர்களுக்கு நன்றி. பியாஜே கேட்ட கேள்வியைப் பற்றியே பின்னால் ஒரு கேள்வி எழுந்தது. இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கி, எதில் அதிகம் என்று முதலில் கேட்டு, பின் ஒரு வரிசையின் இடைவெளியை ஆய்வாளரே கலைத்துவிட்டு, "இப்போது எதில் அதிகம்?" என்று கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் தடுமாறினார்கள். மெக்கரிகிலும் டொனால்ட்சனும் 1974-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை பெட்டியிலிருந்து வந்து வரிசையைக் கலைப்பதுபோலச் செய்தார்கள். சரியாகச் சொன்ன குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்கும்போது, முதலில் சொன்ன விடையை மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று குழந்தை எண்ணிக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். வீட்டிலும் இதுவே நடக்கிறது. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இது மிதக்குமா? அது மிதக்குமா? ஏன்?" என்று நாம் அடுக்கும்போது குழந்தை நீரைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறது.

குடைக்காம்பு எழுதியது:

ஆய்வுகள் ஒருபுறம் இருக்கட்டும். நான்கு வயதுக் குழந்தையோடு தவழும் குழந்தையும் உள்ள வீட்டில், ஒதுங்கி உட்காருங்கள் என்ற அறிவுரையைக் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சில சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரிலும் சிறு குழந்தை மூழ்கிவிடக்கூடும் என்பதால், வாளி வெளியே இருக்கும் வரை பெரியவரின் கண் அதைவிட்டு அகலக் கூடாது. ஆட்டம் முடிந்தவுடன் நீரைக் கொட்டிவிட வேண்டும். தொட்டு விளையாட என்று விற்கப்படும், நீரில் ஊறிப் பெருக்கும் மணிகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். விழுங்கினால் அவை குடலுக்குள்ளும் பெருத்து அடைத்துக்கொள்ளும். பொம்மைகளில் உள்ள பொத்தான் பேட்டரிகளும் விழுங்கினால் ஆபத்தானவை.

மற்றபடி எங்கள் வீட்டில் தரையில் டேப் ஒட்டிக் கோடு போட்டுவிடுகிறோம். அதன்மேல் தவளையாகக் குதிப்பதும் நண்டாக நடப்பதும் பிள்ளைகள் பாடு. இதற்கு அட்டவணையும் வேண்டாம், தத்துவமும் வேண்டாம்.

எறும்புவரிசை எழுதியது:

டேப் ஒட்டியவர் நீங்கள்தானே? அதைத்தான் நான் திட்டம் என்கிறேன்.

கேள்விகள் தேர்வாக மாறக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. குழந்தைக்கு விடை தெரிகிறதா என்று சோதிக்கும் கேள்வியும், விடையைத் தேடச் சேர்ந்து கிளம்பும் கேள்வியும் ஒன்றல்ல. மழையையே எடுத்துக்கொள்வோம். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரத்தை மழை படும் இடத்தில் வைத்து, நின்றபின் அளவுகோலால் நீரின் உயரத்தைப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர் என்ற கணக்கு பெரியவர்களுக்கு. நேற்றைய கோட்டைவிட இன்றைய கோடு மேலே இருக்கிறதா என்பது குழந்தைக்குப் போதும். ஜன்னலை மூடிவிட்டு, மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை சேர்ந்து எண்ணலாம். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று நொடி ஆகிறது. நான்கு வயதுக்கு அந்த வகுத்தல் வேண்டாம், எண்ணிக்கை குறைந்தால் இடி அருகே வருகிறது என்று மட்டும் சொன்னால் போதும். இடிக்குப் பயப்படும் குழந்தைக்கு எண்ணுவது ஒரு பிடிமானமாகவும் இருக்கிறது. பெரியவர் யோசித்து வைக்காவிட்டால் இவற்றில் எதுவும் நடக்காது.

தாழ்வாரம் எழுதியது:

இடியை எண்ணுவது நன்றாகவே இருக்கிறது. அதில் உங்களுக்கும் விடை முன்கூட்டித் தெரியாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மழை அளக்கும் பாத்திரத்தில்தான் நாம் மறுபடி முட்டிக்கொள்கிறோம். நீங்கள் அளவுகோலோடு வருவதற்குள் குழந்தை அந்த நீரில் காகிதக் கப்பலை விட்டு, கையால் அலை எழுப்பி, பாதியைத் தரையில் சிந்தியிருக்கும். அந்த நேரத்தில் உங்கள் திட்டம் என்ன செய்யும்?

எறும்புவரிசை எழுதியது:

கப்பலுக்கு இரண்டாவது பாத்திரம் ஒன்றை வைக்கும். அதையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பேன்.

தாழ்வாரம் எழுதியது:

குழந்தைக்கு முதல் பாத்திரம்தான் வேண்டுமாம்.