யுபிஎஸ் கேபிளை மாட்டியும் லினக்ஸுக்குத் தெரியவில்லை, அவசரம்

ஜெராக்ஸ் கடை: வணக்கம். தண்டையார்பேட்டையில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நேற்று மாலை மின்சாரம் போனது. யுபிஎஸ் கத்திக்கொண்டே தாங்கியது. டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கணினி செத்துவிட்டது, கல்யாணப் பத்திரிகைக் கோப்பும் பாழ். பேட்டரி தீருமுன் கணினி தானாக அணைய வேண்டும். யுஎஸ்பி கேபிளை மாட்டி, யுபிஎஸ் நிலையைக் கவனித்துக் கணினியை அணைக்கும் ‘நட்’ மென்பொருளை நிறுவிவிட்டேன். டிரைவர் இணையவில்லை என்கிறது. இன்றே வேண்டும்.

ராயபுரம்வாசி: எந்த லினக்ஸ்? எந்த யுபிஎஸ்? எந்த டிரைவரைப் போட்டீர்கள்?

உப்புக்காற்று: கேபிளைப் பாருங்கள் அண்ணா. காசிமேட்டில் எங்கள் கடையில் இரண்டு வருடத்தில் யுஎஸ்பி முனையில் பச்சை பூத்துவிட்டது. கடற்காற்று எதையும் விடாது. பாதிச் சிக்கல் துருதான்.

பழைய டெர்மினல்: இந்தக் கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லியாயிற்று. நிறுவியதும் வேலை செய்ய அது மிக்ஸி அல்ல. கையேடு இருக்கிறது, படியுங்கள். என்னைக் கேட்டால் சீரியல் போர்ட் உள்ள யுபிஎஸ் வாங்கியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் இப்படித் தொல்லை இருந்ததில்லை.

ராயபுரம்வாசி: ஐயா, அவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார். இப்போதைய கணினியில் சீரியல் போர்ட்டை எங்கே தேடுவது?

ஜெராக்ஸ் கடை: உபுண்டு. யுபிஎஸ் ரிச்சி தெருவில் வாங்கியது, பெயர் அழிந்துவிட்டது. கேபிளின் ஒரு முனை சதுரம், பிரிண்டருக்கு வருமே அது போல. துரு இல்லை.

உப்புக்காற்று: உள்ளே இருக்கும். வெளியே தெரியாது.

ராயபுரம்வாசி: டெர்மினலில் எல்.எஸ்.யு.எஸ்.பி. என்று அடியுங்கள், யுஎஸ்பியில் மாட்டியவற்றைப் பட்டியலிடும். யுபிஎஸ் கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறை, மாட்டிவிட்டு ஒருமுறை. புதிதாக வரும் வரியில் இருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். மாடல் பெயரைவிட அதுதான் முக்கியம்.

மின்கம்பி: அதைவிட முதலில் கேட்கவேண்டியது வேறு. அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட், பக்கத்திலேயே வல்லூர் 1,500. புகையும் சாம்பலும் நமக்கு, மின்சாரம் மட்டும் யாருக்கோ. இந்த ஊரில் யுபிஎஸ் எதற்கு?

பழைய டெர்மினல்: நிலையம் பக்கத்தில் இருந்தால் உங்கள் வீட்டுக்கு நேராகக் கம்பி இழுப்பார்களா? எல்லாம் மாநில மின்கட்டமைப்பில் கலந்துதான் வருகிறது. தெருவில் டிரான்ஸ்பார்மர் பழுதானால், நிலையம் வாசலிலேயே இருந்தாலும் இருட்டுதான்.

மின்கம்பி: கம்பி எப்படிப் போகிறது என்று எனக்கும் தெரியும். எண்ணூரின் பழைய நிலையம் 2017-ல் மூடப்படும்வரை எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட முடிந்ததில்லை. நான் பேசுவது நியாயம்.

ராயபுரம்வாசி: நியாயத்துக்குத் தனி இழை திறவுங்கள்.

ஜெராக்ஸ் கடை: 0665:5161, சைப்ரஸ் செமிகண்டக்டர் என்று வருகிறது. டிரைவர் யுஎஸ்பிஎச்ஐடி-யுபிஎஸ் போட்டிருக்கிறேன். ஒரு வீடியோவில் அதைத்தான் சொன்னார்கள்.

ராயபுரம்வாசி: கண்டுபிடித்தாயிற்று. மலிவான பல யுபிஎஸ்களில் இதே எண்தான் இருக்கும். வெளியே எச்ஐடி (விசைப்பலகை, மவுஸ் போன்ற வகை) சாதனம் என்று சொல்லிக்கொள்ளும், உள்ளே பேசுவது மெகாடெக் என்ற யுபிஎஸ் மொழி. அதனால் அந்த டிரைவர் ஆகாது. யுபிஎஸ் அமைப்புக் கோப்பில் டிரைவர் பெயரை மாற்றுங்கள்: என்.யு.டி.டி.ஆர்.வி., அடிக்கோடு, கியூ.எக்ஸ். போர்ட் என்ற இடத்தில் ஆட்டோ. பிறகு நட் அமைப்புக் கோப்பில் மோட் ‘நன்’ என்று இருக்கும், அதை ‘ஸ்டாண்ட்அலோன்’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் சேவை தொடங்காது. பலர் சறுக்குவது அங்கேதான்.

அனுமதி இல்லை என்று பிழை வந்தால் கேபிளைக் கழற்றி மீண்டும் மாட்டுங்கள். அனுமதி விதி, சாதனம் புதிதாகச் செருகப்படும்போதுதான் பொருந்தும்.

பழைய டெர்மினல்: கையேட்டில் இருப்பதுதான்.

உப்புக்காற்று: கழற்றி மாட்டும்போது முனையைத் துடைத்துவிடுங்கள்.

ஜெராக்ஸ் கடை: வந்துவிட்டது! பேட்டரி 13.5 வோல்ட் என்று காட்டுகிறது. எத்தனை சதவீதம் என்பது மட்டும் வரவில்லை. பரவாயில்லை. கடையில் ஆள் நிற்கிறார்கள். நன்றி.

ராயபுரம்வாசி: கொஞ்சம் பொறுங்கள். உள்ளே 12 வோல்ட் பேட்டரி ஒன்றுதான் என்றால், மேல் எல்லை 13, கீழ் எல்லை 10.4 என்று அமைப்புக் கோப்பில் எழுதுங்கள், சதவீதத்தைத் தோராயமாகக் கணக்கிட்டுக் காட்டும். ஆனால் அதையும் நம்பிவிடாதீர்கள். பேட்டரி தீரப்போகிறது என்று யுபிஎஸ் சொன்ன பிறகுதான் நட் கணினியை அணைக்கும். பழைய பேட்டரியில் அந்த எச்சரிக்கைக்கும் இருட்டுக்கும் நடுவே கண் இமைக்கும் நேரம்தான் கிடைக்கும். மின்சாரம் போய் மூன்று நிமிடத்தில் அணையும்படி, நட்டுடன் வரும் யுபிஎஸ்ஷெட் என்ற நேரக் கருவி மூலம் நேரம் வையுங்கள். கோப்புகளைச் சேமித்துவிட்டு, சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்துச் சோதித்தீர்களா?

ராயபுரம்வாசி: (மறுநாள்) சோதித்தீர்களா அண்ணா?

மின்கம்பி: நேற்றிரவும் அந்தப் பக்கம் மின்சாரம் போனதாம்.

வியாசர்பாடி மாணவன்: எனக்கும் இதே பிழை, ஆனால் எண் 0001:0000. இதே டிரைவர் போதுமா?

பழைய டெர்மினல்: எந்த லினக்ஸ்? எந்த யுபிஎஸ்?