திரையின் ‘கெயின்’: தமிழில் என்ன சொல்லலாம்?

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் ப்ரொஜெக்டர் வைத்துப் படம் பார்ப்பவர்களுக்குத் திரை விற்கும் ஒரு கடைக்காக 12 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. மற்ற சொற்கள் ஒருவாறு அமைந்துவிட்டன. சட்டகத்தில் இழுத்துக் கட்டியது நிலைத்திரை, மேலிருந்து இறக்குவது சுருள்திரை, பின்னால் ஸ்பீக்கர் வைப்பதற்காகப் பொடித்துளை போட்டது துளைத்திரை. அறை வெளிச்சத்தை ஒதுக்கும் வகைக்குச் ‘சூழொளி விலக்கும் திரை’ என்று போட்டிருக்கிறேன்.

‘கெயின்’ (gain) என்ற சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திரை நமக்கு எவ்வளவு திருப்பித் தருகிறது என்று காட்டும் எண் அது. ஒவ்வொரு பெட்டியிலும் கெயின் 0.8, 1.0, 1.3 என்று இருக்கிறது. வாங்குபவர் கண் முதலில் போவதும் அங்கேதான். ஒரு நல்ல சொல் தாருங்கள்.

திருச்சி, பாலிடெக்னிக் ஆசிரியர்:

அம்மா, இதற்கு நெடுநேரம் தேட வேண்டியதில்லை. மின்னணுவியல் பாடத்தில் மின்னழுத்தப் பெருக்கம், மின்னோட்டப் பெருக்கம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறோம். இங்கே ‘ஒளிப் பெருக்கம்’ என்று போடுங்கள். வகுப்பில் கற்ற சொல்லை மாணவன் கடையிலும் காண வேண்டும். துறைக்கு ஒரு சொல், ஊருக்கு ஒரு சொல் என்று பிரிந்துகொண்டே போனால் எந்தச் சொல்லும் வேர் பிடிக்காது.

ஈரோடு, திரை மாட்டும் தொழிலாளர்:

ஐயா, தயவுசெய்து பெருக்கம் வேண்டாம். நான் தமிழ் படித்தவன் இல்லை, பதினோரு வருடமாகத் திரை மாட்டுகிறேன். இந்தச் சொல்லால் ஏமாந்தவர்களைப் பார்த்ததால் சொல்கிறேன்.

ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் வருகிறது, அதனால் சத்தத்தைப் பெருக்குகிறது. திரைக்கு ஏது வயர்? அதன்மேல் விழுந்த வெளிச்சத்தைத்தான் அது திருப்பிக் கொடுக்கும். மாசில்லாத ஒரு வெள்ளைப் பரப்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் திருப்பினால் அதற்கு 1.0. திரை 1.3 என்றால் நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு அதைவிட 1.3 மடங்கு. அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் பங்கிலிருந்து. மற்ற மடைகளை அடைத்து ஒரே வயலுக்குத் தண்ணீரைத் திருப்புவது மாதிரிதான். வாய்க்காலில் தண்ணீர் கூடிவிடவில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் 2.4 கெயின் திரை மாட்டினேன். விற்ற கடையில் ‘எண் பெரிதாக இருந்தால் வெளிச்சம் பெரிது’ என்று சொல்லியிருந்தார்கள், நானும் நம்பினேன். நடு சோபாவில் இருந்தவர்களுக்குத் திரையின் நடுவே டார்ச் அடித்தது போல ஒரு வட்டம். ஓரத்து நாற்காலியில் இருந்த பாட்டி, “எனக்கு மட்டும் ஏன் தம்பி மங்கலாத் தெரியுது?” என்று கேட்டார். ஒரு வாரத்தில் கழற்றி வந்தேன். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. சொல்லைப் படித்தாலே பாட்டி எங்கே உட்காருவார் என்ற நினைப்பு வர வேண்டும்.

கணக்கும் சொல்கிறேன். மூலைக்கு மூலை 100 அங்குலம், அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் உள்ள திரை 221 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம், ஏறக்குறைய 30 சதுர அடி. நிறம் சரிசெய்த பிறகு ப்ரொஜெக்டர் 900 லுமென் வெளிச்சம் கொடுத்தால், 1.0 திரையில் சதுர அடிக்கு 30 லுமென், அதாவது பொலிவு 30 அடி-லாம்பர்ட். டிஜிட்டல் சினிமா தியேட்டருக்கு வைத்திருக்கும் அளவே 14தான். சாம்பல் திரை 0.8 போட்டாலும் 24 கிடைக்கும், கறுப்பும் கொஞ்சம் ஆழமாகத் தெரியும். இருட்டான அறையில் பெரிய எண்ணுக்குத் தேவையே இல்லை.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஈரோட்டுத் தம்பியின் மடை உவமை நெஞ்சில் நின்றுவிட்டது. சொல்லின் வேருக்கு வருகிறேன்.

தொல்காப்பியர் இடையியலில் ‘எல்லே இலக்கம்’ என்கிறார். எல் என்றால் விளங்குதல், ஒளி. எல்வளை ஒளிவிடும் வளை. எற்பாடு கதிர் சாயும் பொழுது. உரிச்சொல் போல நடக்கும் இது இடையியலில் ஏன் இருக்கிறது என்று வகுப்பில் ஒரு மணி நேரம் பேசலாம், இப்போது வேண்டாம். நூற்பாவில் வரும் இலக்கம் என்ற சொல்லைப் பாருங்கள். அன்று அது இலங்குதல், இன்று எண். நமக்கு வேண்டியதோ ஒளியைக் குறிக்கும் ஓர் எண். இரண்டும் ஒரே சொல்லில் கூடி நிற்கின்றன. ‘திரையிலக்கம்’ என்று சொல்லலாமே!

திரை என்ற சொல்லும் எளியதன்று. கடலின் அலை திரை, மறைக்கும் சீலை திரை, தோலின் சுருக்கமும் திரை. நரை திரை என்கிறோம் அல்லவா? சுருள்திரையில் நாளடைவில் மடிப்பு விழும் என்று கேள்விப்பட்டேன். திரையில் திரை விழுகிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை சொல்லும் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்ற மூன்று மேடைத் திரைகளையும் மறக்க வேண்டாம். மேலிருந்து இறங்கும் சுருள்திரைக்குக் ‘கரந்துவரல்’ என்பதை எடுத்தாளலாம். தூணின் நிழல் ஆடுகளத்தில் விழாதபடி விளக்கு வைத்த செய்தியும் அங்கேயே இருக்கிறது. அரங்கம் எழுகோல் அகலம், எண்கோல் நீளம். அந்த 7:8 இன்றைய 16:9 ஆனது எப்படி என்று யாராவது எழுதினால் மகிழ்வேன்.

யாழ்ப்பாணம், பௌதிகவியல் ஆசிரியர்:

ஐயா, திரையிலக்கம் எங்கள் பக்கம் சரிவராது. எங்களுக்குத் தொலைபேசி இலக்கம், வீட்டு இலக்கம் எல்லாம் நாளாந்தச் சொற்கள். திரையிலக்கம் என்றால் பல திரைகள் உள்ள படமாளிகையில் எத்தனையாம் திரை என்றுதான் விளங்குவார்கள்.

கெயினுக்கு நாங்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் சொல் நயம். நீங்கள் மின்னழுத்தப் பெருக்கம் என்பதை உயர்தர வகுப்பில் வோல்ற்றளவு நயம் என்றுதான் படிப்பிக்கிறோம். பெருக்கம் கூடுவதை மட்டும் சொல்கிறது. நயம் 0.8 ஆகவும் இருக்கலாம், 1.3 ஆகவும் இருக்கலாம். திரை நயம் என்றால் வாய்க்கும் இதமாக இருக்கிறது.

திருச்சி, பாலிடெக்னிக் ஆசிரியர்:

ஈரோட்டுத் தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒளிப் பெருக்கம் பொருளால் தவறு. லாம்பர்ட் 1760-இல் ஒளியளவியல் நூலை எழுதியவர். எத்திசையிலிருந்து பார்த்தாலும் ஒரே பொலிவுடன் தெரியும் பரப்பை அவர் பெயராலேயே சொல்கிறோம். திரையின் கெயின் அந்தப் பரப்போடு ஒப்பிட்ட விகிதம் மட்டுமே. என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் நயத்தை ஏற்க மாட்டேன். தமிழ்நாட்டுக் கடையில் நயம் என்றால் நயம் பருப்பு, நயம் நெய், அதாவது தரம். நயம் 1.3 என்று கண்டவர், 0.8-ஐ மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடுவார். ஒரு தவறுக்குப் பதில் இன்னொரு தவறு வந்துவிடும்.

யாழ்ப்பாணம், பௌதிகவியல் ஆசிரியர்:

பருப்புக் கடையின் பயன்பாட்டை வைத்து ஒரு துறைச்சொல்லைத் தள்ளுவது நியாயமா? தமிழ்நாட்டில் வேறு பொருள் வருகிறது என்பதற்காகவே எங்கள் சொற்கள் ஒவ்வொரு முறையும் பட்டியலை விட்டு விழுகின்றன. இதை மனவருத்தத்தோடு சொல்கிறேன்.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

வருத்தம் புரிகிறது அண்ணா. இலங்கை வாசகர்களுக்கு எழுதும்போது நயம்தான் போடுவேன், அதில் எனக்கு ஐயமே இல்லை. இந்தக் கையேடு கோவையிலும் திருப்பூரிலும் படிக்கப்படப் போவது. இன்று சனிக்கிழமை மாலை. ஈரோட்டுத் தம்பி, உங்களிடம் வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஈரோடு, திரை மாட்டும் தொழிலாளர்:

அக்கா, நான் கெயின் என்றுதான் சொல்வேன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். என்ன அர்த்தம் என்று கேட்டால், முகத்துக்கு நேரே வரும் வெளிச்சம் என்பேன். அப்புறம் பக்கத்தில் எவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்தால் வெளிச்சம் பாதியாகும் என்று கையை நீட்டிக் கோணம் காட்டுவேன். இரண்டும் சேர்ந்தால்தான் புரியும். ஒன்று மட்டும் போதாது.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

முகத்துக்கு நேரே வரும் வெளிச்சம்! அதுவே ‘முகப்பொளி’. ஒருமுக எழினியின் முகமும் அதில் இருக்கிறது. எண்ணோடு சேர்த்து முகப்பொளி எண் எனலாம். என் மனம் இன்னும் எல் பக்கமே சாய்கிறது, முகப்பெல் என்றும் சொல்லலாம். ஆனாலும் தம்பியின் வாயில் பிறந்த சொல்லுக்கு வழிவிடுகிறேன்.

திருச்சி, பாலிடெக்னிக் ஆசிரியர்:

விகிதம் என்று முடிந்தால் இன்னும் சரியாக இருக்கும். கடை வாசகருக்கு எண்ணே போதும், சம்மதம். வெளிச்சம் பாதியாகும் இடத்துக்குப் ‘பாதியொளிக் கோணம்’ என்று வையுங்கள்.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

நன்றி. நான்காம் பக்கத்தில் இப்படி எழுதிவிட்டேன்:

“பெட்டியில் கெயின் என்று காண்பது முகப்பொளி எண். அது கூடினால் நடுவில் இருப்பவருக்கு வெளிச்சம் கூடும், ஓரத்தில் இருப்பவருக்குக் குறையும். வாங்கும் முன் பாதியொளிக் கோணத்தையும் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் எங்கெங்கே உட்காருவீர்கள் என்று கடையில் சொல்லுங்கள்.”

அடுத்த பக்கங்களில் முகப்பொளி எண் என்று மட்டும் வரும். கெயின் ஒரே ஓர் இடத்தில்தான்.

யாழ்ப்பாணம், பௌதிகவியல் ஆசிரியர்:

விளக்கம் அருமை தங்கச்சி, அந்தக் கடைசி வரி மிகவும் பிடித்தது. சொல்லில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. முகப்பு விளக்கு என்றால் வாகனத்தின் முன்விளக்கு, தமிழ்நாட்டிலும் அப்படித்தான். முகப்பொளி என்றதும் பலருக்குக் காரின் வெளிச்சம் கண்முன் வரும். என் வாக்கு நயத்துக்கே, பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஈரோடு, திரை மாட்டும் தொழிலாளர்:

அண்ணன் சொல்வது எனக்கும் இப்போதுதான் உறைத்தது. ஆனாலும் பாட்டி கேட்டால் முகப்பொளி என்று சொல்லிப் புரியவைத்துவிடுவேன். அக்கா, அச்சானதும் எனக்கு 50 பிரதி வேண்டும். தஞ்சை ஐயாவுக்கு ஒரு செய்தி: மடிப்பு விழாமல் இரண்டு ஓரத்திலும் கயிறு கட்டி இழுத்து வைக்கும் திரை ஒன்று இருக்கிறது. டேப் டென்ஷன் என்கிறோம். அதற்கும் தமிழ் வேண்டும்.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தனி இழையில் எழுதுகிறேன். விசி என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். விசித்தல் என்றால் இறுக்கிக் கட்டுதல்.