அடுத்த துறைத்தலைவர், அடுத்த முதல்வர்: ஆட்களை இப்போதே பழக்குவது எப்படி?

வடசேரி:
நாகர்கோவில் பக்கம் அரசு உதவிபெறும் கலைக் கல்லூரி. மூன்று வருஷத்தில் முதல்வரும் இரண்டு துறைத்தலைவர்களும் ஓய்வு பெறுகிறார்கள். நாற்பதை ஒட்டிய மூன்று உதவிப் பேராசிரியர்களைப் பழக்க நிர்வாகம் சம்மதித்துவிட்டது. மூவரும் பாடம் நன்றாக எடுப்பவர்கள், கோப்பு பார்த்ததில்லை. வழிகாட்டியாக யாரைப் போடலாம்? எங்கே தொடங்கலாம்?

குழித்துறை:
முதலில் தகுதியைப் பாருங்கள் சார். 2018 யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைப்படி கல்லூரி முதல்வருக்கு பிஎச்டி, இணைப் பேராசிரியர் அல்லது பேராசிரியர் நிலை, 15 வருஷப் பணி, குறைந்தது 10 ஆய்வுக் கட்டுரைகள், 110 ஆய்வு மதிப்பெண் வேண்டும். அதனால் இந்த மூவரையும் இப்போதைக்குத் துறைத்தலைவர், ஐகியூஏசி (கல்லூரியின் உள் தர உறுதிக் குழு) பொறுப்புகளுக்குத்தான் பழக்க முடியும்.

பலர் இடறுவது இங்கேதான்: நிர்வாக வேலை ஏற ஏறக் கட்டுரை எழுதுவது நின்றுபோகும். பத்து வருஷம் கல்லூரிக்கு உழைத்தவர் கடைசியில் மதிப்பெண் போதாமல் விண்ணப்பிக்கவே முடியாமல் நிற்பார். வாரம் 16 மணி வகுப்பும் எடுத்துக்கொண்டு நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) வேலையும் பார்க்கிறவருக்கு, ஆய்வுக்கென்று ஓர் அரைநாளைக் கால அட்டவணையிலேயே அடைத்துக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் நிற்காது.

தக்கலை:
சொந்தத் துறைத்தலைவரை வழிகாட்டியாகப் போடாதீர்கள். பதவி உயர்வுப் படிவத்தில் கையெழுத்திடுகிறவரிடம் "இது எனக்குப் புரியவில்லை" என்று யாரும் மனம்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வேறு துறையின் மூத்தவர் ஒருவர், பதினைந்து நாளுக்கு ஒரு மணி நேரம் போதும்.

தொடங்க நல்ல இடம் கால அட்டவணை. நம்ம மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் வகுப்பைத் தின்னும், டிசம்பர் 3 கோட்டார் சவேரியார் கோயில் திருவிழா விடுமுறை வேறு. செமஸ்டருக்கு 90 வேலை நாள் வர எந்தச் சனிக்கிழமைகளை எடுப்பது, ஆய்வகத் தேர்வை எங்கே நகர்த்துவது என்று பழகுகிறவரே போட்டு, துறைகளோடு பேசி ஒப்புக்கொள்ள வைக்கட்டும். ஆட்களோடு பேசி முடிப்பது அதில்தான் பிடிபடும்.

வடசேரி:
நன்றி சார். கல்லூரி நிர்வாகச் செயலர் கையெழுத்து அதிகாரத்தை விட்டுத்தர மாட்டார். அது இல்லாமல் என்ன பழகுவார்கள்?

குழித்துறை:
கையெழுத்து செயலரிடமே இருக்கட்டும், கோப்புக் குறிப்பைப் பழகுகிறவர் எழுதட்டும். பிரச்சினை, பொருந்தும் விதி, இரண்டு வழி, தன் பரிந்துரை, எல்லாம் ஒரே பக்கத்தில். வழிகாட்டி திருத்தி எழுதித் தரக் கூடாது, ஓரத்தில் கேள்வி மட்டும் போட வேண்டும்.

அடுத்து ஒரு நிதிக் கோப்பை முதலிலிருந்து முடிவுவரை கொடுங்கள். மூன்று விலைப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல், கொள்முதல் ஆணை, இருப்புப் பதிவேடு, கடைசியில் ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில், மானியத்தைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ். சான்றிதழ் தாமதித்தால் மானியத்தின் அடுத்த தவணை நிற்கும். பெரும்பாலும் காரணம், பொருளை வாங்கிவிட்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றாமல் விடுவது, தணிக்கைக்காரர் அங்கேதான் பிடிப்பார்.

தக்கலை:
ஒன்று விட்டுப்போச்சு. நாக்கின் ஏழு அளவுகோல்களை மூவருக்கும் பிரித்துக் கொடுத்து ஏக்யூஏஆர் (நாக்குக்கு அனுப்பும் ஆண்டுத் தர அறிக்கை) தட்டச்சு வேலையில் மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள். அது குமாஸ்தா வேலையாகவே முடிந்துபோகும். ஆறாவது அளவுகோல் ஆளுகை, தலைமை, மேலாண்மை பற்றியது. அதை ஒருவரிடம் கொடுத்து, ஆட்சிக்குழுக் கூட்டத்தில் அவரையே விளக்கச் சொல்லுங்கள். கேள்வி வந்தால் முதல்வர் குறுக்கே பதில் சொல்லாமல் இருக்க வேண்டும். இதை முதல்வரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.